சீழ் பிடிக்காத புண்

(தாணேயில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் என்னிடம் வைத்த வேண்டுகோள் ஒன்றுதான். மருத்துவத்தைத் தமிழில் பேச வேண்டும். கேட்பவர்கள் வீட்டுக்குப் போய் நாலு பேரிடம் சொல்லும்படி பேச வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். நான் ஒரே ஒரு மரபணுவை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதன் பெயர் ஐடிஜிபி2. இருபத்தோராம் குரோமோசோமின் நீண்ட கரத்தில், நுனிக்கு அருகே இருக்கிறது. 769 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்துக்கு அதுதான் மூலம். சிடி18 என்றும் பீட்டா-2 என்றும் அந்தப் புரதத்தைச் சொல்வார்கள். அது அறவே இல்லாமல் பிறக்கிற குழந்தைகளில் பெரும்பாலோர், எலும்பு மஜ்ஜை மாற்று கிடைக்காவிட்டால், இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

அபூர்வமான நோய்தான். அபூர்வமான நோயைப் பற்றி ஒரு மாலைப்பொழுது முழுக்கப் பேச வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். இந்த ஊரில், இந்த மக்களிடம் பேச வேண்டும் என்பதே என் பதில்.

தாணேயில் ஸ்லோ லோக்கல் ஏறினால் குர்லா, சயான், மாட்டுங்கா, தாதர் தாண்டிப் பரேல் வரும். செம்பூர்க்காரர்கள் குர்லாவில் மாறி ஏறுவார்கள். தாராவிக்காரர்கள் சயானில் ஏறுவார்கள். மும்பைத் தமிழர்களின் பாதி வாழ்க்கை அந்தத் தண்டவாளத்தின் இரு கரையிலும்தான் நடக்கிறது. பரேலில் இறங்கி நடந்தால் கேஇஎம் மருத்துவமனை. அந்த வளாகத்துக்குள்ளேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய நோயெதிர்ப்புக் குருதியியல் நிறுவனம் இயங்குகிறது. 1957இல் இரத்த வகைகளை ஆராயும் மையமாகத் தொடங்கியது. இன்று நான் பேசப்போகும் நோயை இந்தியாவில் மிக விரிவாக ஆராய்ந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். டாக்டர் மனிஷா மட்காய்கரும் அவருடைய குழுவினரும் நாட்டின் பல மருத்துவமனைகளோடு சேர்ந்து, நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களைத் திரட்டி 2020இல் வெளியிட்டார்கள். உலகிலேயே இந்த நோய்க்கான பெரிய தொகுப்புகளில் அதுவும் ஒன்று. நாம் தினமும் போய்வருகிற வழியில் இருக்கிற இடம். நம்மில் பெரும்பாலோர்க்கு அது இருப்பதே தெரியாது.

நோய் எப்படி வரும் என்பதைச் சொல்கிறேன். குழந்தை மருத்துவராக இருக்கும் என்னிடம் வந்தவர்களின் பேச்சிலிருந்தே சொன்னால் எளிதில் விளங்கும்.

தாய் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பாள். பேசுவது திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சியாக இருக்கும்.

“ஆச்சி, கொடி எப்ப விழுந்தது?”

“பதினாறு கழிச்சும் விழல டாக்டரம்மா. ஒரு மாசம் தாண்டித்தான் விழுந்துச்சு. தொப்புளச் சுத்திச் செவந்துதான் இருந்துச்சு. ஆனா சீழும் இல்ல, சலமும் இல்ல. அதனாலதான் நாங்க பயப்படல.”

“இதுக்கு முன்னால பிள்ளை ஏதும்...?”

“மூத்தது ஒண்ணு இருந்துச்சு. மூணாம் மாசம் காய்ச்சல் வந்து போயிட்டு. அது அப்படி, விதி.”

அந்த ஆச்சி சொன்னதில் முழு நோயும் இருக்கிறது. கொடி விழத் தாமதமானது. தொப்புள் சிவந்தும் சீழ் பிடிக்கவில்லை. முன்னால் ஒரு குழந்தை தவறியது. இதோடு சாதாரண இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தால் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று நிற்கும். சில குழந்தைகளுக்கு ஒரு லட்சத்தைத் தொடும். புண்ணோ காயவே காயாது. ஓரம் வெளிறி, நடுவில் கறுத்து, மெல்ல மெல்ல விரிந்துகொண்டே போகும். சீழ் இல்லாததைக் கண்டு வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். அந்த நிம்மதிதான் குழந்தையைக் கொல்கிறது.

சீழ் என்பது பெரும்பாலும் செத்துப்போன வெள்ளை அணுக்கள். நியூட்ரோஃபில் என்ற வகை. கிருமியோடு போராடிச் செத்தவை. சீழ் இல்லை என்றால் ஒன்று, கிருமி இல்லை. அல்லது, போராட அணு வரவில்லை. இரத்தத்தில் ஐம்பதாயிரம் அணுக்கள் ஓடிக்கொண்டிருக்க, புண்ணுக்கு ஒன்றுகூட வந்து சேராதது எப்படி?

உள்ளங்காலில் முள் தைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாயின் உட்சுவர் உடனே மாறுகிறது. செலக்டின் என்ற புரதங்களை வெளியே நீட்டுகிறது. அவை விரைந்து போகும் வெள்ளை அணுவைத் தொட்டுத் தொட்டு விடும். அணு வேகம் குறைந்து சுவரோரமாக உருளும். உருளும்போதே புண்ணிலிருந்து கசிந்து வரும் வேதிச் செய்தி அதற்கு எட்டும். அப்போது அணுவின் மேற்பரப்பில் மடங்கிக் கிடக்கும் இன்டெக்ரின் என்ற புரதம் நிமிர்ந்து எழும். நிமிர்ந்த பிறகும் அதன் உயரம் இருபது நானோமீட்டர் அளவுதான். அதன் தலை திறந்து, குழாய்ச் சுவரில் இருக்கும் ஐகேம்-1 என்ற புரதத்தைக் கவ்வும். அணு நின்றுவிடும். தட்டையாகிச் சுவரில் படரும். இரண்டு செல்களுக்கு நடுவே உள்ள இடுக்கில் நுழைந்து வெளியேறி, முள் தைத்த இடத்துக்கு ஊர்ந்து போகும். இது நம் உடம்பில் இப்போதும் எங்கேயோ நடந்துகொண்டிருக்கிறது.

இன்டெக்ரின் இல்லாத அணுவும் உருளும். ஆனால் நிற்க முடியாது. லோக்கலில் கதவுப் பக்கம் வந்து சேர முடியாதவரைக் கூட்டம் அடுத்த நிலையத்துக்குக் கொண்டுபோய்விடுவது போல, இரத்த ஓட்டம் அதை அடித்துக்கொண்டு போய்விடும். வெளியேற வழியில்லாமல் அணுக்கள் குழாய்க்குள்ளேயே சேரும். உதவி வரவில்லையே என்று உடம்பு கூக்குரலிட, எலும்பு மஜ்ஜை இன்னும் அணுக்களை உண்டாக்கி அனுப்பும். எண்ணிக்கை ஏறுவது அதனால்தான்.

மனித உடம்பில் 24 வகை இன்டெக்ரின்கள் உண்டு. ஒவ்வொன்றும் இரண்டு உறுப்புகள் சேர்ந்த ஜோடி: ஒரு ஆல்ஃபா, ஒரு பீட்டா. ஐடிஜிபி2 உண்டாக்கும் பீட்டா-2, நான்கு வெவ்வேறு ஆல்ஃபாக்களோடு சேர்ந்து வெள்ளை அணுக்களுக்கு நான்கு இன்டெக்ரின்களைத் தருகிறது. துணை இல்லாமல் ஆல்ஃபா மட்டும் அணுவின் மேற்பரப்புக்கு வந்து நிலைப்பதில்லை. ஆகவே ஒரு மரபணு பழுதானால் நான்கும் சேர்ந்து போகின்றன. இந்த நோயின் கடுமைக்கு அதுவே காரணம். வெள்ளை அணு ஒட்டுக் குறைபாடு, முதல் வகை என்று இதைச் சொல்லலாம். மருத்துவமனையில் எல்ஏடி-1 என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

கொடி தாமதமாக விழுவதையும் தொற்றையும் சேர்த்துப் பார்த்த முதல் மருத்துவக் கட்டுரைகளில் ஒன்று 1979இல் லான்செட் இதழில் வந்தது. எண்பதுகளில் அமெரிக்காவில் டிமோத்தி ஸ்பிரிங்கர் முதலானோர் இந்தக் குழந்தைகளின் அணுக்களில் எந்தப் புரதம் இல்லை என்பதைக் கண்டார்கள். 1986இல் ரிச்சர்ட் ஹைன்ஸ் குழுவினர் இன்டெக்ரின் என்று பெயர் வைத்தார்கள். ஹைன்ஸ், ஸ்பிரிங்கர், எர்க்கி ருவோஸ்லாதி மூவருக்கும் 2022இல் லாஸ்கர் விருது கிடைத்தது. செல்கள் ஒன்றோடொன்று எப்படிப் பிடித்துக்கொள்கின்றன என்ற அடிப்படைக் கேள்விக்கான விருது அது. அந்தக் கேள்விக்கு விடை கிடைத்ததில், பெயர் தெரியாத சில நோயாளிக் குழந்தைகளின் இரத்தத்துக்கும் பங்கு உண்டு.

இங்கே மும்பைக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. 1952இல் டாக்டர் ஒய்.எம். பெண்டேயும் உடன் பணியாற்றியவர்களும் அதுவரை யாரும் காணாத இரத்த வகையை அறிவித்தார்கள். பம்பாய் இரத்த வகை என்று உலகம் முழுக்க இன்றும் அழைக்கப்படுவது அதுதான். ஓ வகை இரத்தத்தில்கூட இருக்கும் எச் என்ற பொருள் இந்த வகையினரிடம் இருக்காது. நாற்பது ஆண்டு கழித்து, 1992இல், இஸ்ரேலில் இரண்டு சிறுவர்கள் அடிக்கடி தொற்றுக்கு ஆளாகி வந்தார்கள். வெள்ளை அணு எண்ணிக்கை மிக அதிகம், சீழ் இல்லை. இன்டெக்ரினோ சரியாகவே இருந்தது. இரத்த வகையைப் பார்த்தால் பம்பாய் வகை! ஃபூக்கோஸ் என்ற சர்க்கரையைச் செல்லுக்குள் உரிய இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு அவர்களிடம் பழுதாகி இருந்தது. எச் பொருளைச் செய்யவும் ஃபூக்கோஸ் வேண்டும். செலக்டின் பிடித்து உருட்டுவதற்கான கைப்பிடியைச் செய்யவும் ஃபூக்கோஸ் வேண்டும். ஆக, அங்கே நிற்பதற்கு முந்தைய படியான உருளுதலே இல்லை. அது எல்ஏடி-2 ஆனது. ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: நம் ஊரில் பம்பாய் இரத்த வகை உள்ளவர்களுக்குப் பொதுவாக இந்தச் சிக்கல் கிடையாது. அவர்களிடம் பழுதானது வேறு மரபணு. அவர்கள் ஆரோக்கியமாக வாழ்கிறார்கள். இரத்தம் ஏற்றும்போது மட்டும் அதே வகையைத் தேடியாக வேண்டும்.

அடுத்துச் சொல்லப்போவதுதான் என்னை மிகவும் உறுத்துவது.

இதே ஐடிஜிபி2 மரபணு மாட்டுக்கும் உண்டு. இதே நோயும் உண்டு. ஹோல்ஸ்டீன் இனக் கன்றுகள் தொற்று வந்து, ஈறு அழுகி, வளராமல் செத்தன. 1992இல் காரணம் தெரிந்தது. புரதத்தின் 128ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. ஆஸ்பர்ன்டேல் ஐவன்ஹோ என்ற புகழ்பெற்ற பொலிகாளையின் வழியாக அந்த மாற்றம் பரவியதாகத் தெரியவந்தது. செயற்கைக் கருவூட்டலால் அதன் வாரிசுகள் உலகெங்கும் பெருகியிருந்தன. அன்று அமெரிக்காவில் ஏறக்குறைய ஏழு ஹோல்ஸ்டீன் காளைகளில் ஒன்று அந்தப் பழுதைச் சுமந்தது. பரிசோதனை வந்தது, சுமக்கும் காளைகளை விலக்கினார்கள், நோய் அடங்கியது. இந்தியாவிலும் உறைவிந்து நிலையங்களுக்கு அரசு வகுத்த விதி இருக்கிறது. ஹோல்ஸ்டீன் காளையையும் அதன் கலப்பினக் காளையையும் சேர்க்கும் முன் இந்தப் பழுது இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். நல்ல விதி. பால் வளத்துக்கு அது வேண்டும்.

ஆனால் ஒரு குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம் இதே கேள்வியைக் கேட்க நம்மிடம் எந்த விதியும் இல்லை. அவள் அடுத்த முறை கர்ப்பமாகி வரும்போது எடை பார்ப்பார்கள், சர்க்கரை பார்ப்பார்கள், இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். முதல் குழந்தை எதனால் இறந்தது என்று கேட்கிறவர்கள் குறைவு. கேட்டாலும் அவளிடம் இருக்கும் தாளில் ‘செப்சிஸ்’ என்று ஒரு சொல்தான் இருக்கும். இரத்தத்தில் தொற்று என்பது முடிவு, காரணம் ஆகாது. மூன்று குழந்தைகளை வரிசையாகப் பறிகொடுத்த ஒரு குடும்பத்தின் கோப்பை நான் பார்த்திருக்கிறேன். மூன்று தாளிலும் அதே சொல். மூன்றிலும் வெள்ளை அணு எண்ணிக்கை நாற்பதாயிரத்துக்கு மேல். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆளில்லை.

நம் மக்களிடம் இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் நம் திருமண முறை. அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று உறவுக்குள் கட்டுவது நம் வழக்கம். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 28 சதவீதம் பேர் உறவுக்குள் மணந்தவர்கள். நாடு முழுவதற்குமான சராசரி 11. மும்பைக்கு வந்து மூன்று தலைமுறை ஆன வீடுகளிலும் பெண் எடுப்பது ஊரிலிருந்துதான். நம்மைச் சுற்றியுள்ள மராத்தியரிலும் மாமன் மகளைக் கட்டும் வழக்கம் உண்டு.

இதை நான் பழிக்க வரவில்லை. உறவுக்குள் மணந்தவர்களில் மிகப் பெரும்பாலோர்க்கு நல்ல ஆரோக்கியமான பிள்ளைகள்தான் பிறக்கின்றன. சொத்துக்காக மட்டும் வந்த வழக்கம் இது என்று சொல்வதையும் நான் ஏற்பதில்லை. மகளைத் தெரிந்த வீட்டில் விட வேண்டும் என்ற தாயின் கவலையும் அதில் இருக்கிறது. ஆனால் கணக்கை மறைக்கக் கூடாது. நம் ஒவ்வொருவரிடமும் ஐடிஜிபி2 இரண்டு பிரதி உண்டு, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானாலும் மற்றது போதும். ஆள் நன்றாகவே இருப்பார். ஒரு தாத்தாவிடம் அப்படி ஒரு பழுதான பிரதி இருந்தது என்று வையுங்கள். அவருடைய மகன் வயிற்றுப் பேரனும் மகள் வயிற்றுப் பேத்தியும் மணந்தால், குழந்தைக்கு இரண்டு பிரதியும் பழுதாக வாய்ப்பு 64இல் ஒன்று. அதே தாத்தாவின் மகன் தன் அக்காள் மகளை மணந்தால் 32இல் ஒன்று. பெற்றோர் இருவரும் பழுதைச் சுமப்பவர்கள் என்று தெரிந்துவிட்டால் வாய்ப்பு நான்கில் ஒன்று, ஒவ்வொரு கர்ப்பத்திலும். ஒரு குழந்தை பாதிக்கப்பட்டதால் அடுத்த மூன்றும் தப்பும் என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் நான்கில் ஒன்றுதான். உறவு அல்லாத, ஆனால் ஒரே சிறு உட்பிரிவுக்குள் நடக்கும் திருமணங்களிலும் இது நேரலாம்.

பரிசோதனை கடினமானதா என்றால் இல்லை. ஊதா மூடி போட்ட சிறு குழாயில் சில மில்லிலிட்டர் இரத்தம் போதும். சிடி18ஐத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் ஓர் எதிர்ப்பொருளை, ஒளிரும் சாயம் ஏற்றி, அந்த இரத்தத்தில் கலப்பார்கள். பிறகு ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவி அணுக்களை ஒற்றை வரிசையில் லேசர் ஒளிக்கு முன்னால் ஓடவிடும். புரதம் உள்ள அணு பளிச்சிடும். இல்லாத அணு இருண்டு போகும். திரையில் ஒரு மேடு எழும். ஆரோக்கியமானவருக்கு அது வலப்பக்கம் எழும்பும். தாய்க்கும் தந்தைக்கும் பெரும்பாலும் கொஞ்சம் இடம் தள்ளி, நடுவில் நிற்கும். குழந்தையின் மேடு இடது ஓரத்திலேயே கிடக்கும். மூன்று மேடுகளையும் ஒரே திரையில் பார்த்த பிறகு விளக்கம் எதுவும் தேவைப்படாது. சிடி18 இரண்டு சதவீதத்துக்கும் குறைவென்றால் கடுமையான நோய். இரண்டிலிருந்து முப்பது வரை என்றால் மிதமானது. அப்படிப்பட்ட குழந்தைகள் வளர்ந்து பள்ளிக்கும் போவார்கள், ஆனால் ஈறு வீங்கிப் பற்கள் ஒவ்வொன்றாக ஆடி விழும். பல் மருத்துவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். பரிசோதனையின் விடை அன்றே தெரிந்துவிடும். மரபணுவில் எந்த எழுத்து மாறியது என்று கண்டுபிடிக்க மட்டும் சில வாரம் ஆகும்.

அந்த எழுத்து மாற்றம் தெரிந்திருந்தால் அடுத்த கர்ப்பத்தின் பதினோராவது வாரத்திலேயே நச்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கலாம். தெரியாவிட்டாலும், பதினெட்டாம் வாரம் வாக்கில் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து அதே ஒளிச் சோதனையைச் செய்யலாம். பரேல் நிறுவனத்தார் இதைச் செய்து 2014இல் எழுதியும் இருக்கிறார்கள். பிறகு என்ன செய்வது என்பது அந்தக் கணவன் மனைவியின் முடிவு. கர்ப்பத்தைத் தொடர்வதானாலும், குழந்தை பிறந்த நாளிலிருந்தே காப்பாற்ற ஆயத்தமாக இருக்கலாம். பிறந்தவுடன் போடும் பிசிஜி தடுப்பூசி உயிருள்ள கிருமியால் ஆனது. இப்படிப்பட்ட குழந்தைக்கு அது கூடாது. முன்பே தெரிந்திருந்தால்தானே நிறுத்தி வைக்க முடியும்?

சிகிச்சை உண்டு. எலும்பு மஜ்ஜை மாற்று. இந்தியாவில் அது முதன்முதலாக 1983இல் பரேலில்தான், டாட்டா நினைவு மருத்துவமனையில், டாக்டர் சுரேஷ் அத்வானி குழுவினரால் நடந்தது. 1986இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கினார்கள். இன்று மும்பையிலும் சென்னையிலும் குழந்தைகளுக்கென்றே செய்கிறார்கள். அண்ணன், அக்காளின் மஜ்ஜை பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. உறவுக்குள் மணந்த குடும்பங்களில் பெற்றோருக்கோ சித்தப்பாவுக்கோ மாமாவுக்கோ பொருந்துவது மற்றவர்களைவிட அதிகம்; நோயைத் தந்த நெருக்கம் மருந்தையும் தருகிறது. தொற்று வந்து நுரையீரல் கெடும் முன் செய்துவிட்டால் குழந்தை பிழைக்கும். தாமதித்தால் கையை மீறிவிடும்.

மரபணு சிகிச்சையும் வந்திருக்கிறது. குழந்தையின் சொந்த மூல அணுக்களை எடுத்து, ஒரு வைரஸின் உதவியால் நல்ல ஐடிஜிபி2ஐ உள்ளே செலுத்தி, திரும்ப ஏற்றுகிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸ், லண்டன், மாட்ரிட் மருத்துவமனைகளில் கடுமையான நோயுள்ள ஒன்பது குழந்தைகளுக்குச் செய்தார்கள்; ஒன்பது பேரும் பிழைத்தார்கள். 2025இல் முடிவுகள் வெளியாயின. நம் வீட்டுக்கு அது வந்து சேர நாளாகும். அதுவரை நம் கையில் இருப்பது நேரத்தோடு கண்டுபிடிப்பதுதான்.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். குழந்தைக்குக் கொடி பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் விழும். மூன்று வாரம் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள். தாமதமாக விழுந்த கொடிகளில் பெரும்பாலானவற்றுக்கு எந்த நோயும் காரணமில்லை, பயப்படாதீர்கள். கொடி நேரத்தில் விழுந்தும் நோய் உள்ள குழந்தைகள் உண்டு, அசட்டையாகவும் இராதீர்கள். சிவந்த புண்ணில் சீழ் பிடிக்கவில்லை, வெள்ளை அணு எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்றால் சிடி18 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கைக்குழந்தையைத் தொற்றுக்குப் பறிகொடுத்த வீடு உங்கள் சொந்தத்தில் இருந்தால், அந்தப் பழைய தாள்களைத் தூக்கிப் போடாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே கணவன் மனைவி இருவரும் அந்தத் தாள்களோடு ஒரு மரபியல் ஆலோசனைக்குப் போய்வரட்டும். தாணேயிலிருந்து பரேலுக்கு ஒரே வண்டிதான்.